முடிச்சுக்குக் கீழே

கொழும்பு
14.9.1969

அல்போன்சம்மா அக்கா அறிய,

நெடுந்தீவை விட்டு வந்து மூன்று கிழமை. இறுப்பிட்டியில் அம்மாவின் சோற்றை ஒரு கிழமை தின்றுவிட்டு நேரே கொழும்புக்கு ஏறிவிட்டேன். ஆட்டுப்பட்டித்தெருவில் ஒரு செத்தல் மிளகாய்க் கடையில் நிற்கிறேன். முதலாளி எங்கள் ஊரவர். இரண்டு வருடம் அவரிடம் தொழில் பிடித்துக்கொண்டு தனிக்கடை போடுவது என் எண்ணம். அதை முதல் நாளே அவருக்கும் சொல்லிவிட்டேன். ஒளித்து வைத்துக் கதைக்க எனக்கு வராது.

தொண்டர் சேவை முடித்ததற்கு அரசாங்கம் தந்த கடதாசியையும் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு வருசம் சம்பளமில்லாமல் கிணறு வெட்டினனியோ? அப்ப மூட்டை நல்லாத் தூக்குவாய்” என்றார். அந்தக் கடதாசியின் பெறுமதி அவ்வளவுதான்.

எனக்கு அந்த வருடத்தில் மனதில் நிற்பது உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் எட்டுப் பேரும் கல்லுடைத்த நாலு மாதம். கடைசி நாள் உங்கள் வீட்டுக்காரர் இராயப்பு அண்ணை கயிற்றில் முடிச்சுப் போட்டாரே, அதுவும். முடிச்சு கப்பியில் வந்து முட்டினால் வாளி அதற்குக் கீழே இறங்காது. மேலே நிற்பதுதான் நல்ல தண்ணீர், அடியில் கடல் இருக்கிறது என்று அவர் சொல்ல நாங்கள் சிரித்தோம். “சிரியுங்கோ. கடல்லை சீவிக்கிறவன் நான். அது எங்கை படுத்திருக்கெண்டு எனக்குத் தெரியும்” என்றார்.

ஒவ்வோர் ஆவணியும் எட்டுப் பேரும் வருவோம், ஆள் இறங்கிச் சேறு அள்ளிக் கிணற்றைத் துப்புரவாக்கித் தருவோம் என்று உங்களுக்குச் சொன்ன சொல் எனக்கு நினைவிருக்கிறது. சேவைக்காலம் முடிந்ததோடு கைகழுவுகிற ஆள் நான் இல்லை.

தில்லைநாதன்


நெடுந்தீவு
3.11.1969

சேசு மரி சூசை துணை.

தம்பி தில்லைநாதனுக்கு,

உம்முடைய கடிதத்தை இவருக்கு இரண்டு தரம் வாசித்தேன். மூட்டை தூக்குகிற இடத்தில் இரண்டு தரமும் சிரித்தார்.

எங்கட இருபத்திமூன்று வீட்டுக்கும் முறை வைத்திருக்கிறேன். காலமை நாலு வாளி, பின்னேரம் நாலு வாளி. முடிச்சுத் தட்டினால் அன்றைக்கு முடிந்தது. முறுமுறுக்கிறவர்கள் உண்டு. முறுமுறுக்கட்டும். முன்பு சிவக்கொழுந்தரின் கல்வேலிக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு நாங்கள் நின்ற நிலை உமக்குத் தெரியும். அவருடைய கிணற்றுக் கயிற்றை நாங்கள் தொடக்கூடாது. உள்ளே இருந்து யாராவது மனம் வைத்து வந்து ஊற்ற வேண்டும். மனம் வைக்காத நாளில் வெறுங்குடம். இப்போது கயிறு எங்கள் கையில். என் மகள் மேரிறோசுக்கு ஒன்பது வயது. குடம் நிறைந்த பிறகும் கயிற்றை விடமாட்டாள். அவளை அங்காலே இழுத்துவிட ஒரு ஆள் வேண்டும்.

சிவக்கொழுந்தர் போன கிழமை ஒழுங்கையால் போகும்போது நின்று பார்த்தார். “தொண்டர் வெட்டின கிணறு தொண்டர் நிக்கும் மட்டும்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எனக்கு நெஞ்சில் கிடக்கிறது. நீங்கள் எட்டுப் பேரும் ஆவணியில் வந்து எங்களோடு கிணற்றடியில் நின்றால், எங்களுக்கும் ஆள் இருக்கென்று அவருக்குத் தெரியும். சாமான் ஒன்றும் கொண்டு வர வேண்டாம். ஆளைக் கண்டால் போதும்.

அல்போன்சம்மா


கொழும்பு
20.8.1971

அன்புள்ள அக்கா,

போன ஆவணியில் வந்த எனக்கு இந்த ஆவணியில் வர முடியவில்லை. காரணத்தை நேரே சொல்கிறேன். பங்குனியில் தனிக்கடை போட்டேன். சித்திரையில் கிளர்ச்சி வந்து நாடு குழம்பியது. ஊரடங்குச் சட்டம், ரயில் ஒழுங்கில்லை, கடை பாதி நாள் பூட்டு. இப்போதுதான் ஆட்கள் வந்து வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த நேரம் நாலு நாள் பூட்டினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

அதற்காக நான் உங்களை மறக்கவில்லை. ஊருக்குப் போகிற லொறியில் ஒரு பொதி ஏற்றிவிட்டேன். நைலோன் கயிறு ஐம்பது முழம், நல்ல இரும்பு வாளி இரண்டு. தும்புக் கயிறு போல உக்காது. இருபது வருடம் பாவிக்கலாம்.

மற்ற ஏழு பேரில் யார் யார் வந்தார்கள் என்று எழுதுங்கள்.

தில்லைநாதன்


நெடுந்தீவு
5.10.1971

தம்பிக்கு,

பொதி குறிகட்டுவான் துறையில் ஆறு நாள் கிடந்து வந்து சேர்ந்தது. வாளி நல்லது. கயிற்றில் முடிச்சு நிற்கவில்லை. இறுக்கிப் போட்டாலும் நழுவிக் கப்பிக்குள்ளால் போய்விடுகிறது. இவர் அதை வள்ளத்துக்கு எடுத்துக்கொண்டு பழைய கயிற்றையே திரும்பக் கட்டினார். அந்தக் கயிற்றால் எங்களுக்கு உதவி இல்லை என்று சொல்லவில்லை. வள்ளம் இப்போது நல்லாகக் கட்டி நிற்கிறது.

போன முறை ஏழு பேர் வந்தீர்கள். இந்த முறை இரண்டு பேர். அவர்களும் பின்னேரப் படகுக்குப் போய்விட்டார்கள். மிச்சச் சேற்றை இவரும் நானும் அள்ளினோம். ஒழுங்கையில் நின்று சிவக்கொழுந்தர் பார்த்தார். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நல்லாயிருந்திருக்கும்.

உமக்குக் கடை இருக்கு, விளங்குது. நான் மறுக்கவில்லை.

அல்போன்சம்மா


கொழும்பு
2.7.1973

அன்புள்ள அக்கா,

போன ஆவணியிலும் நான் வரவில்லை. இந்த ஆவணியிலும் வரமாட்டேன். பெண்சாதிக்கு மாதம் கிட்டுகிறது, கடையில் நம்பிக்கையான ஆள் இல்லை. வருவேன் வருவேன் என்று எழுதி உங்களைக் காக்க வைப்பதைவிட இப்படிச் சொல்வது மரியாதை.

மற்றவர்களுக்கும் எழுதிப் பார்த்தேன். ஒருவன் லண்டனில். இரண்டு பேர் அரசாங்க உத்தியோகம், லீவு இல்லை. ஒருவன் பதிலே போடவில்லை. ஆளைச் சேர்க்க இனி ஏலாது அக்கா. அதனால் ஆளுக்குப் பதில் என்ன என்று யோசித்தேன்.

தண்ணீர் இறைக்கிற மிசின் ஒன்று வாங்கி அனுப்புகிறேன். மண்ணெண்ணெயில் ஓடும். யாழ்ப்பாணத்தில் தோட்டக்காரர் எல்லாரும் இப்போது அதுதான். எட்டுப் பேர் ஒரு நாள் செய்கிற வேலையை அரை நாளில் முடிக்கும். கிணறு துப்புரவாக்கிய பிறகு அதைச் சும்மா போட்டு வைக்க வேண்டாம். மிளகாய் என்ன விலை போகிறதென்று உங்களுக்குத் தெரியாது, நான் அதற்குள்ளேயே இருக்கிறேன். வெளியிலிருந்து இறக்குமதி இல்லை. உங்கள் வீடுகளுக்குப் பின்னால் கிடக்கிற வெறுந்தரையில் மிளகாய்க் கன்று நட்டு இறையுங்கள். காய்த்ததை முழுக்க நான் எடுக்கிறேன். இவ்வளவு காலமும் குடிக்கத் தண்ணீர் இருந்தது, இனித் தொழிலும் இருக்கட்டும்.

மிசின் விற்றவர் சொன்னதைக் கவனமாக எழுதுகிறேன்: குழாயை அடிவரை இறக்கினால்தான் நன்றாக இழுக்கும்.

தில்லைநாதன்


நெடுந்தீவு
19.9.1973

தம்பிக்கு,

மிசின் வந்தது. படகிலிருந்து இறக்க ஆறு ஆம்பிளைகள். கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரிச் சனம். பற்றவைத்தபோது கடலுக்கு அங்காலே அல்லைப்பிட்டிக்கும் கேட்டிருக்கும். பிள்ளைகள் குழாய் வாயில் நின்று தோய்ந்தார்கள். ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டா. அரை நாளில் கிணற்றைத் துப்புரவாக்கினோம், நீர் சொன்னபடி.

எல்லாரும் மிளகாய்க் கதைதான். மழை விழ நடப் போகிறார்கள். இவர் மட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

சிவக்கொழுந்தர் ஆள் அனுப்பி மிசின் எங்கே வாங்கினது என்று விசாரித்தார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை உமக்கு எழுதத்தான் வேண்டும்.

அல்போன்சம்மா


கொழும்பு
28.2.1974

அன்புள்ள அக்கா,

எனக்கு ஆண் பிள்ளை. உங்களிடமிருந்து நத்தார்ப் பெருநாளுக்கும் கடிதம் இல்லை, பிள்ளை பிறந்ததற்குப் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. மிளகாய் பூத்திருக்கும். வேலை கூடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் உங்கள் கிணற்றுக் கதையைச் சொல்கிறேன். தொண்டர் சேவை ஒரு வருடத்தோடு முடிகிற விஷயம் இல்லை, நான் கொழும்பிலிருந்தே செய்கிறேன் என்று சொன்னேன். இரண்டு முதலாளிமார் தாங்களும் ஒவ்வொரு மிசின் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நயினாதீவிலும் அனலைதீவிலும் எந்தக் கிணற்றுக்குக் கொடுக்கலாம் என்று கேட்டு எழுதுங்கள்.

பதில் போடுங்கள் அக்கா.

தில்லைநாதன்


நெடுந்தீவு
6.5.1974

சேசு மரி சூசை துணை.

தம்பி தில்லைநாதனுக்கு,

வேறு ஒரு கிணற்றுக்கும் மிசின் கொடுக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முதலே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அது என் பிழை.

தை மாதக் கடைசியில் பருப்பு வேக நேரம் எடுத்தது. விறகு ஈரம் என்று நினைத்தேன். பிறகு சவர்க்காரம் நுரைக்கவில்லை. மேரிறோஸ் தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு, “அம்மா, சீனிக்குப் பதிலா உப்புப் போட்டனீங்களோ?” என்று கேட்டாள். நான் அவளுக்கு ஏசினேன். தண்ணீரென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏசினேன்.

மிளகாய் அப்போது பூவும் பிஞ்சும். காலமையும் பின்னேரமும் மிசின் ஓடியது. வாளி முடிச்சில் நின்றது, குழாய் அடியில் நின்றது. இவர் வந்து, “கயித்துக்கு முடிச்சுப் போட்டனான். குழாய்க்கு எங்கை போடுறது?” என்றார். நிற்பாட்டுவம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன், தம்பி. இருபத்திமூன்று வீடும் முதன்முதலாகத் தங்கட நிலத்தில் ஒன்று காய்க்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் இரண்டு கிழமை, காய் எடுத்த பிறகு நிற்பாட்டுவம் என்றேன். முறை வைக்கிறவள் நான். முடிச்சுத் தட்டினால் ஒரு சொட்டு விடாதவள் நான்.

இரண்டு கிழமையில் இலை சுருண்டது. பிறகு கருகியது. ஒரு காயும் எடுக்கவில்லை. கிணறு கடலாகிப் போனது. ஆடும் குடிக்காது.

பங்குனி தொடக்கம் சிவக்கொழுந்தரின் கல்வேலிக்குப் போகிறோம். முதல் நாள் நான்தான் குடத்தோடு முன்னுக்குப் போனேன். மற்றவர்களை விட்டுவிட்டு நான் பின்னால் நிற்க ஏலாது. அவர் வெளியே வந்தார். சத்தம் போடவில்லை. “என்ன அல்போன்சம்மா, அரசாங்கக் கிணறு களைச்சுப் போச்சோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். மகளைக் கூப்பிட்டு ஊற்றச் சொன்னார்.



அல்போன்சம்மா


கொழும்பு
20.5.1974

அக்கா,

நாலு நாளாக இதை எழுதிக் கிழிக்கிறேன். அடிவரை இறக்கச் சொல்லி எழுதியது நான். இராயப்பு அண்ணை முடிச்சுப் போட்டபோது பக்கத்தில் நின்றவன் நான். மிசின் விற்றவன் யாழ்ப்பாணத்து வலிகாமத் தோட்டக் கிணறுகளைப் பார்த்துச் சொன்னான். நான் யோசிக்காமல் படியெடுத்து உங்களுக்கு அனுப்பினேன். உங்கள் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன்.

இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சீமெந்து அனுப்புகிறேன், மழைத் தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி கட்டலாம். அல்லது ஊர்காவற்றுறையிலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுவர ஒரு வள்ளத்தை ஒழுங்கு செய்கிறேன். எது வேண்டும் என்று உடனே எழுதுங்கள்.

தில்லைநாதன்


நெடுந்தீவு
1.7.1974

தம்பிக்கு,

ஒன்றும் அனுப்ப வேண்டாம். நீர் அனுப்புகிறதைப் படகில் இறக்கி இறக்கி எங்கட ஆம்பிளைகளுக்குத் தோள் நோகிறது.

கிணற்றை ஒருவரும் தொடாமல் இரண்டு மூன்று மாரிகாலம் விட்டால் நல்ல தண்ணீர் திரும்ப மேலே ஏறி நிற்கும் என்று இவர் சொல்கிறார். சில நேரம் நிற்காமலும் போகும் என்கிறார். மேலே பலகை போட்டு மூடியிருக்கிறோம்.

நீர் கேட்டபடியால் சொல்கிறேன். ஆவணியில் வாரும். சேறு அள்ள அல்ல. காலமை எங்களோடு வந்து கல்வேலிக்கு வெளியே, குடத்தோடு நில்லும். ஒரு நாள் போதும். நீர் உள்ளே போகக்கூடிய ஆள் என்று சிவக்கொழுந்தருக்குத் தெரியும். போகக்கூடிய ஒருவன் எங்களோடு வெளியே நிற்கிறான் என்று அவர் பார்க்கட்டும். எங்கட பிள்ளைகளும் பார்க்கட்டும்.

அல்போன்சம்மா


கொழும்பு
30.8.1974

அக்கா,

நடந்தது உங்களுக்குத் தெரியும். என் பக்கத்தை எழுதாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

குடத்தோடு உங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். அரை மணித்தியாலம் நின்றிருப்பேன். மேரிறோஸ் கூட என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதுதான் சிவக்கொழுந்தர் வெளியே வந்தார். “இறுப்பிட்டி மார்க்கண்டற்றை மகன் எல்லோ நீர்? உமக்கென்ன வெளியாலை வேலை? உள்ளுக்கு வாரும்” என்றார். நான் யோசித்தது இதுதான்: உள்ளே போனால் கதைக்கலாம், கதைத்தால் ஏதாவது வாங்கலாம். பேரம் பேசத் தெரிந்தவன் அல்லவா. குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.

கதிரை போட்டார், இருந்தேன். செம்பில் தண்ணீர் நீட்டினார், வாங்கினேன், குடித்தேன். குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைக்கும்போதுதான் கல்வேலிப் படலைக்கு வெளியே உங்களைக் கண்டேன். இடுப்பில் குடம். நான் வைத்துவிட்டு வந்த குடத்தையும் நீங்கள் கையில் தூக்கி வைத்திருந்தீர்கள்.

கதைத்து வாங்கினேன். வீட்டுக்கு இரண்டு குடம் கூடுதலாக, காலமை ஆறு மணிக்குத் தவறாமல் ஆள் வந்து ஊற்றும். நல்ல பேரம் என்று சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். நீங்கள் வெறுங்குடத்தோடு திரும்பிப் போனீர்கள். நான் பின்னேரப் படகுக்குப் போய்விட்டேன்.

எனக்குத் தாகம் இருக்கவில்லை அக்கா. கதிரை போட்டால் இருப்பேன், செம்பு நீட்டினால் வாங்குவேன், அது என் பழக்கம். ஒரு வருடம் உங்களோடு கல்லுடைத்தும் அது போகவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் தரவேண்டி வரும்.

தில்லைநாதன்


நெடுந்தீவு
11.1.1976

தம்பி தில்லைநாதனுக்கு,

உம்முடைய கடிதங்கள் நாலும் கிடைத்தன. பதில் போட மனம் வரவில்லை. இப்போதும் முழுக்க வரவில்லை. உம்முடைய மகன் இப்போது ஓடித் திரிவான்.

நீர் பேசி வாங்கின இரண்டு குடத்தையும் எல்லாரும் எடுக்கிறோம். ஆறு மணிக்கு ஊற்றுகிறார்கள், சொன்ன சொல் தவறவில்லை. நானும் எடுக்கிறேன். எனக்கு உம்மில் உள்ள கோபம் அதுதான். எடுக்காமல் விடக்கூடிய குடமாக இருந்தால் உம்மை எப்போதோ மறந்திருப்பேன்.

மேரிறோஸ் கல்வேலிக்கு வரமாட்டாள். கயிறு பிடித்துப் பழகின கை. பதினைந்து வயதுப் பிள்ளையை அடித்தா கூட்டிக்கொண்டு போகிறது? அவள் பங்குக் குடத்தையும் நான்தான் சுமக்கிறேன். மிசின் கொட்டிலுக்குள் கிடக்கிறது. கோழி அதில் ஏறித்தான் படுக்கிறது.

இரண்டு மாரியும் நல்ல மழை. போன கிழமை பலகையை எடுத்தோம். இவர் முடிச்சை ஒரு முழம் வாளிப் பக்கமாகக் கிட்டக் கட்டி வாளியை விட்டார். இருபத்திமூன்று வீட்டில் இப்போது பதினேழு வீடுதான் இருக்கிறது, மற்றவர்கள் அக்கரைக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். முதலில் நான் வாயில் விட்டுப் பார்த்தேன். கரிக்கிறது. போன மாரிக்குப் பிறகு பார்த்தபோது துப்பினேன், இந்த முறை விழுங்கினேன். என்ன என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இன்னும் ஒரு மாரி என்று சொன்னேன். பலகையைத் திரும்பப் போட்டார்கள். இன்னும் ஒரு மாரி போதுமோ என்று இவரைக் கேட்டேன். இவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆவணியில் சேறு அள்ள வேண்டும். இவர் இறங்குவார். வயதும் போகிறது, மூச்சும் வாங்குகிறது. மேலே கயிறு பிடிக்க நான் ஒருத்தி போதாது.

வாரும் என்று நான் எழுதவில்லை. வந்தால் சிவக்கொழுந்தரின் படலையைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் கூப்பிடுவார். எங்கட வீட்டில் கதிரை இல்லை, உமக்குத் தெரியும். தேத்தண்ணி தருவேன். இந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் வைப்பேன்.

அல்போன்சம்மா